அவர்களுக்குப் பரிசோதனை, இவர்களுக்குச் சோதனை

தமிழில் 'சோதனை' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுத்த உப்பு என்ன உப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்வோமே, அது ஒன்று. வீட்டில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வந்தால், "என்ன சோதனையோ இது" என்று பாட்டிமார்கள் பெருமூச்சு விடுவார்களே, அது இன்னொன்று. இந்த இரண்டு அர்த்தமும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் இந்த மலரில் எழுத எடுத்துக்கொண்டேன்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி மீது குண்டு விழுந்தது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு யுத்தமே இல்லாமல், 'சும்மா வெடித்துப் பார்க்கிறோம்' என்று உலகத்தில் வெடிக்கப்பட்ட அணுகுண்டுகள் 2,000க்கும் மேல். அதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் அதிகம். எங்கே வெடித்தார்கள்? அங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் என்ன ஆனார்கள்? இதற்கெல்லாம் பதில் தேடினால் முதலில் போய் நிற்கிற இடம் பசிபிக் பெருங்கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்ட வரம்

மார்ஷல் தீவுகள் நாம் நினைக்கிற மாதிரி மலையும் காடும் உள்ள தீவுகள் இல்லை. பவளப் பாறைத் திட்டுகள் வளையமாக அமைந்திருக்கும். நடுவில் அமைதியான காயல். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் ஆள், இரண்டு ஆள் உயரம்தான் நிலம். தென்னை, தாழை, சீமைப்பலா, மீன், நண்டு, இதுதான் ஜனங்களின் வாழ்வு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடமிருந்து இந்தத் தீவுகளை அமெரிக்கா பிடித்தது. 1947இல் ஐ.நா. சபை, 'இந்த மக்களின் நிலத்தையும் உடல்நலத்தையும் காப்பாற்ற வேண்டும்' என்ற பொறுப்போடு தீவுகளை அமெரிக்காவிடமே ஒப்படைத்தது. இந்தப் பொறுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு கைக்கு வருவதற்கு முன்பே வேலை ஆரம்பமாகிவிட்டது. 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிகினி தீவு மக்கள் மாதா கோயில் வழிபாடு முடிந்து வெளியே வந்த நேரம், அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வையட் வந்தார். "மனித குலத்தின் நன்மைக்காகவும், உலகப் போர்களுக்கெல்லாம் முடிவு கட்டவும்" தீவைத் தற்காலிகமாகக் கொடுக்க வேண்டும் என்றார். தலைவர் ஜூடா ஊராரோடு கலந்து பேசி, எல்லாம் கடவுள் கையில் இருக்கிறது என்று சொல்லி ஒப்புக்கொண்டார். 167 பேர் மார்ச் மாதம் கப்பல் ஏறினார்கள்.

அவர்களைக் கொண்டுபோய் விட்ட ரோங்கெரிக் தீவில் போதிய சாப்பாடு இல்லை, பட்டினியில் வாடினார்கள். 1948இல் கிலி என்ற தீவுக்கு மாற்றினார்கள். அங்கே காயலே கிடையாது. அலை ஓங்கி அடிக்கிற மாதங்களில் படகு இறக்க முடியாது. காயலில் மீன் பிடித்தே பழகிய ஜனங்களுக்கு அது ஒரு சிறை மாதிரிதான். 'தற்காலிகம்' என்ற அந்த வார்த்தைக்கு இன்றுவரை முடிவு வரவில்லை.

1946 முதல் 1958 வரை பிகினி, எனிவெடாக் தீவுப் பகுதிகளில் 67 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. மொத்த சக்தி ஏறத்தாழ 108 மெகா டன். பன்னிரண்டு வருஷமும் தினசரி ஒன்றரை ஹிரோஷிமா குண்டு வெடித்ததற்குச் சமம். 1952 நவம்பர் 1 அன்று வெடித்த 'மைக்' என்ற முதல் ஹைட்ரஜன் வெடிப்பில் எலுகெலாப் என்ற தீவே காணாமல் போயிற்று. தீவு இருந்த இடத்தில் கடலுக்குள் ஒரு பள்ளம்தான் மிச்சம்.

மேற்கே உதித்த சூரியன்

1954 மார்ச் 1, காலை 6.45 மணி. பிகினியில் 'பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. விஞ்ஞானிகள் எதிர்பார்த்தது ஏறக்குறைய 6 மெகா டன். வெடித்தது 15 மெகா டன். ஹிரோஷிமாவைப்போல் ஆயிரம் மடங்கு. ஏன் இந்த வித்தியாசம்? குண்டில் இருந்த லித்தியத்தில் லித்தியம்-6, லித்தியம்-7 என்ற இரண்டு ஐசோடோப்புகளும் இருந்தன. 7 சும்மா இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அதுவும் வினையில் சேர்ந்துகொண்டது. வேதியியல், இயற்பியல் படிக்கிற தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஐசோடோப்பைக் குறைத்து மதிப்பிட்டதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் மேலே வரப்போகிற கதை.

பிகினிக்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் ரோங்கெலாப் தீவு. அங்கே 64 பேர். பக்கத்து அய்லிங்கினேயில் 18 பேர். 1946இல் முன்னெச்சரிக்கையாக ரோங்கெலாப் மக்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோனவர்கள், 1954இல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அன்று சூரியன் மேற்கே உதித்தது என்று அந்த ஊர்க்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். சில மணி நேரத்தில் வெள்ளையாகப் பொடி விழ ஆரம்பித்தது. சாம்பலாகிப் போன பவளப் பாறை அது, உள்ளே கதிரியக்கம். குழந்தைகள் அதில் விளையாடினார்கள். தலையில், சாப்பாட்டில், குடிதண்ணீர்த் தொட்டியில் எல்லாம் பொடி. ராத்திரிக்குள் வாந்தி, கண்ணெரிச்சல், உடம்பெல்லாம் அரிப்பு.

மறுநாள் இரண்டு அமெரிக்கர்கள் கருவிகளோடு வந்தார்கள், அளந்தார்கள், தண்ணீரைக் குடிக்காதீங்க என்று சொல்லிவிட்டுச் சில நிமிஷத்தில் கிளம்பிப் போனார்கள். ரோங்கெரிக்கில் வானிலை பார்த்துக்கொண்டிருந்த 28 அமெரிக்கர்களை மார்ச் 2 அன்றே அப்புறப்படுத்தினார்கள். ரோங்கெலாப் மக்களுக்குக் கப்பல் வந்தது மார்ச் 3 அன்று. இன்னும் தள்ளியிருந்த உட்ரிக் தீவுக்காரர்களுக்கு மார்ச் 4 அன்று.

மார்ச் 11 அன்று அமெரிக்க அணுசக்தி கமிஷன் ஓர் அறிக்கை வெளியிட்டது. 28 அமெரிக்கர்களும் 236 தீவுவாசிகளும் எதிர்பாராதவிதமாகக் கொஞ்சம் கதிரியக்கத்துக்கு ஆளானார்கள், தீக்காயம் எதுவும் இல்லை, எல்லோரும் சௌக்கியம் என்று அதன் சாரம். அதே வாரத்தில்தான் அந்த மக்களுக்குத் தோல் வெந்து புண்ணாகவும் முடி கொத்துக் கொத்தாக உதிரவும் தொடங்கியது.

மீன்பிடிப் படகு சொன்ன ரகசியம்

விஷயம் அதோடு அமுங்கிப் போயிருக்கும். மார்ச் 14 அன்று ஜப்பானின் யாய்சு துறைமுகத்துக்கு ஒரு சூரை மீன் படகு திரும்பி வந்தது. பெயர் 'ஐந்தாம் ஃபுகுரியூ மாரு'. அதிர்ஷ்ட டிராகன் என்று பொருள். அமெரிக்கா அறிவித்திருந்த ஆபத்து எல்லைக்கு வெளியேதான் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. 23 மீனவர்களும் அந்த வெள்ளைப் பொடியில் நனைந்திருந்தார்கள். ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். ஜப்பானிய விஞ்ஞானிகள் படகிலிருந்த சாம்பலை எடுத்து ஆராய்ந்து அதில் யுரேனியம்-237 இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குண்டு எந்த வகை என்ற ராணுவ ரகசியம் அதில் வெளிப்பட்டுவிட்டது!

மீன் மார்க்கெட்டில் சூரை மீனைத் தொட ஆளில்லை. டன் கணக்கில் மண்ணில் புதைத்தார்கள். டோக்கியோவில் குடும்பப் பெண்கள் ஆரம்பித்த கையெழுத்து இயக்கம் 3 கோடி கையெழுத்தாகப் பெருகியது. அந்தப் படகை இன்றும் டோக்கியோவில் ஒரு காட்சிக்கூடத்தில் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1954 ஏப்ரல் 2 அன்று பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் பேசி, முழு உடன்பாடு வரும்வரை வெடிப்புகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார். இப்படிக் கேட்ட முதல் அரசுத் தலைவர்களில் அவர் ஒருவர். அடுத்து, இதன் விளைவுகள் என்ன என்று ஆராய்ந்து எழுதும்படி டாக்டர் டி.எஸ். கோத்தாரியிடம் பொறுப்புக் கொடுத்தார். 1956இல் நேருவின் முன்னுரையோடு அந்த நூல் வெளிவந்தது. 1962 செப்டம்பரில் நம் ராஜாஜி, 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் அமெரிக்கா போய் அதிபர் கென்னடியை நேரில் சந்தித்து, சோதனையை நிறுத்துங்கள் என்று வாதாடினார். நேருவோடு அரசியலில் கடுமையாக மோதிக்கொண்டிருந்த காலம் அது. இருந்தாலும் இந்த விஷயத்தில் இருவருக்கும் ஒரே குரல்.

1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிக்கக் கூடாது. பூமிக்கு அடியில் வெடிக்கலாம். பிரான்சும் சீனாவும் சேரவில்லை. பிரான்ஸ் 1974 வரையிலும் சீனா 1980 வரையிலும் வெட்டவெளியிலேயே வெடித்தன.

உடம்புக்குள் நடப்பது என்ன?

கதிரியக்கப் பொடி உடம்பை ஏமாற்றுகிற விதத்தைப் புரிந்துகொண்டால் மிச்சக் கதை தானே விளங்கும். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பிக்கு அயோடின் தேவை. கதிரியக்க அயோடின்-131 வந்தாலும் அது 'நம்ம அயோடின்தானே' என்று வாங்கி வைத்துக்கொள்ளும். அதன் அரை ஆயுள் 8 நாள்தான். ஆனால் அந்தச் சில வாரத்தில் செய்கிற சேதம் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். குழந்தைகளுக்குச் சுரப்பி சின்னது, அதனால் பாதிப்பு அதிகம். ஸ்ட்ரான்ஷியம்-90 சுண்ணாம்புச் சத்தின் வேஷத்தில் எலும்பிலும் பல்லிலும் குடியேறும். சீசியம்-137 பொட்டாசியத்தின் வேஷம். இந்த இரண்டுக்கும் அரை ஆயுள் ஏறக்குறைய 30 வருஷம்.

1957இல் ரோங்கெலாப் மக்களிடம் 'ஊர் சரியாகிவிட்டது, திரும்பிப் போங்கள்' என்று சொன்னார்கள். 1954இல் அங்கே இல்லாத உறவினர்களும் சேர்ந்து போனார்கள். புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்து டாக்டர்கள் வருஷா வருஷம் கப்பலில் வந்து ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். பொடியில் நனைந்தவர்கள் ஒரு பிரிவு, நனையாதவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு. அந்த மக்கள் தீவில் வாழ்வது மனிதர்களைப் பற்றிய மிக மதிப்புள்ள கதிரியக்கத் தகவல்களைத் தரும் என்று அந்த ஆய்வுக்கூடத்து அறிக்கையிலேயே எழுதினார்கள். இந்த ஆய்வுக்கு வெடிப்பு நடந்த அதே மாதத்தில் '4.1' என்று திட்ட எண்ணும் கொடுத்திருந்தார்கள். நாங்கள் என்ன, சோதனை எலிகளா என்று தீவுக்காரர்கள் கேட்டதில் என்ன தப்பு? 1995இல் அமெரிக்க அதிபர் அமைத்த குழு ஒன்று, வேண்டுமென்றே பொடியில் நனைய விட்டதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. அதை ஏற்றுக்கொண்டாலும், 1957இல் திருப்பி அனுப்பியது காற்று திசை மாறியதால் நடந்ததில்லையே.

1963இல் ஒரு சிறுமியின் கழுத்தில் முதல் தைராய்டு கட்டி தெரிந்தது. அப்புறம் ஒவ்வொருவராக. 1954இல் பத்து வயசுக்குக் கீழே இருந்த ரோங்கெலாப் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தைராய்டு கோளாறு வந்துவிட்டது. சிலருக்கு வளர்ச்சியே நின்றது. ஊர்த்தலைவர் ஜான் அஞ்செய்னின் மகன், பொடி விழுந்தபோது ஒரு வயசுக் குழந்தை, 1972இல் 19 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தான். கருச்சிதைவு அதிகமானதையும், எலும்பில்லாமல் உருவமில்லாமல் குழந்தைகள் பிறந்ததையும் பெண்கள் வெட்கத்தால் பல காலம் வெளியில் சொல்லவே இல்லை. 1983இல் டார்லின் கேஜூ என்ற மார்ஷல் தீவுப் பெண் வான்கூவரில் நடந்த உலகத் திருச்சபை மாநாட்டில் அதை எழுந்து சொன்னார். அவரும் 1996இல் புற்றுநோயால்தான் இறந்தார். 2010இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். 1954இல் ரோங்கெலாப்பிலும் அய்லிங்கினேயிலும் இருந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் அந்தக் கதிரியக்கத்தால்தான் என்றது அது.

மண் மறக்கவில்லை

பிகினிக்காரர்கள் கதையும் இதேதான். 1968இல் அதிபர் ஜான்சன், பிகினி பாதுகாப்பானது என்று அறிவித்தார். தென்னங்கன்றுகள் நட்டார்கள், வீடு கட்டினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் ஆசையாகத் திரும்பின. 1978இல் மறுபடியும் காலி செய்யச் சொன்னார்கள். பவளத்தீவு மண்ணில் பொட்டாஷ் சத்து மிகக் குறைவு. தென்னை பொட்டாஷைத் தேடி வேரை விடுகிறது, கிடைப்பது சீசியம். அதையே இளநீருக்கும் தேங்காய்க்கும் அனுப்பிவிடுகிறது. அந்தத் தேங்காயைத் தின்ற ஜனங்களின் உடம்பில் சீசியம் ஏறிக்கொண்டே போனது. நம்ம ஊர்த் தோப்புக்குப் பொட்டாஷ் உரம் போடுகிறோமே, அதையே அங்கே போட்டால் சீசியம் ஏறுவது கணிசமாகக் குறைகிறது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள்.

ரோங்கெலாப் மக்கள், யாரும் வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருந்து சலித்துப் போனார்கள். 1985 மே மாதம், செனட்டர் ஜெட்டன் அஞ்செய்ன் ஏற்பாட்டில், கிரீன்பீஸ் இயக்கத்தின் 'ரெயின்போ வாரியர்' கப்பலில் 300க்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக் கூரைகளைக்கூடப் பிரித்து எடுத்துக்கொண்டு மெஜாட்டோ தீவுக்குப் போனார்கள். சொந்த ஊரைத் தாங்களே விட்டு வெளியேறுவது எப்பேர்ப்பட்ட முடிவு! அதே கப்பலை அந்த வருஷம் ஜூலை 10 அன்று ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். பிரான்சின் முரூரோவா சோதனையை எதிர்க்கப் போகவிருந்தது அதன் குற்றம்.

எனிவெடாக்கில் 1977 முதல் 1980 வரை சுமார் 4,000 அமெரிக்கப் படையினரைக் கொண்டு சுத்தம் செய்தார்கள். கதிரியக்க மண்ணை அள்ளி, ரூனிட் என்ற தீவில் பழைய வெடிப்பு ஒன்று தோண்டிய பள்ளத்தில் கொட்டி, 45 சென்டிமீட்டர் கனத்துக்கு கான்கிரீட் மூடி போட்டார்கள். அடியில் தளம் எதுவும் போடவில்லை. கடல்நீர் கீழே வந்து வந்து போகிறது. உடனடியாக இடிந்து விழும் ஆபத்து இல்லை என்று 2020இல் அமெரிக்க எரிசக்தித் துறை சொன்னது. மூடிக்கு வெளியே காயலின் அடிமண்ணில் இருக்கிற கதிரியக்கம் உள்ளே இருப்பதைவிட அதிகம் என்பதும் அவர்களே சொன்னதுதான். கடல் மட்டமோ உயர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே கிடக்கும் புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் 24,000 வருஷத்துக்கு மேல். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் நம் கல்லணைக்கு வயசு ஏறக்குறைய 2,000. அதைப்போல் பன்னிரண்டு மடங்கு காலம் போனாலும் பாதி புளூட்டோனியம் அப்படியே இருக்கும்.

நியாயம் கிடைத்ததா?

1986இல் மார்ஷல் தீவுகள் தனி நாடானபோது, நஷ்ட ஈட்டுக்கென்று அமெரிக்கா 15 கோடி டாலர் நிதி ஒதுக்கியது. இனிமேல் வழக்கே கூடாது என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்து வந்தது. பிறகு அமைந்த அணு இழப்பீட்டு நீதிமன்றம் கணக்குப் பார்த்துத் தீர்ப்பளித்த தொகை 200 கோடி டாலருக்கு மேல். தீர்ப்பு கையில், பணம் கஜானாவில் இல்லை. பிகினி மக்கள் போட்ட மனுவை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் மறுத்துவிட்டது.

2014இல் இந்தச் சின்ன நாடு அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீதும் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பணம் கேட்டு இல்லை. ஆயுதக் குறைப்புப் பேச்சைத் தொடங்குங்கள் என்று கேட்டு. ஒன்பது வயசில் தாத்தாவோடு மீன் பிடிக்கப் போனபோது பிராவோவின் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்த டோனி டி புரும்தான் அதை முன்னின்று நடத்திய அமைச்சர். ஒன்பதில் மூன்று வழக்குகள்தான் விசாரணைக்கு வந்தன. அந்த மூன்றில் இந்தியாவும் ஒன்று. 2016 அக்டோபர் 5 அன்று, விசாரிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று நீதிமன்றம் மூன்றையும் தள்ளுபடி செய்தது. 1954இல் உலகத்துக்கே முதலில் 'நிறுத்துங்கள்' என்று சொன்ன நாடு, 1974இலும் 1998இலும் போக்ரானில் பூமிக்கு அடியில் வெடித்துப் பார்த்துவிட்டு, 2016இல் பிரதிவாதிக் கூண்டில் நின்றது. நாட்டுப் பாதுகாப்புக்கு அது தேவை என்பவர்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். விவாதம் நடக்கட்டும். மார்ஷல் தீவு வரலாற்றையும் தெரிந்துகொண்டு நடக்கட்டும் என்பதே என் விண்ணப்பம்.

இது ஏதோ தூர தேசத்து விஷயம் என்று தள்ளிவிடவும் முடியாது. வெட்டவெளி வெடிப்புகளால் காற்றில் கார்பன்-14 அளவு 1963 வாக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. பல் எனாமல் ஒருமுறை உருவானால் மாறுவதில்லை. அதனால் அறுபதுகளில் பிறந்த நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவர் பல்லிலும் அந்தக் காலத்துக் குண்டுகளின் கணக்கு எழுதியிருக்கிறது. அதை அளந்து பிறந்த வருஷத்தைச் சொல்லுகிற முறையே தடயவியலில் வந்துவிட்டது. சோவியத் யூனியன் 456 வெடிப்புகள் நடத்திய செமிபலாடின்ஸ்க், பிரிட்டன் வெடித்த ஆஸ்திரேலிய மரலிங்கா, பிரெஞ்சு பாலினேஷியா என்று எந்த வெடிப்பிடத்தை எடுத்தாலும் இதே வரிசைதான். ஆளில்லாத இடம் என்பார்கள், ஆள் இருப்பார்கள். ஆபத்தில்லை என்பார்கள், இருபது வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு சொல்லும்.

இன்று நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நிற்கிற மாணவ மாணவியர் நாளைக்கு விஞ்ஞானிகளாக, அதிகாரிகளாக, மருத்துவர்களாக ஏதாவது ஒரு திட்ட அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். அது அணுகுண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொழிற்சாலைக் கழிவாக இருக்கலாம், புது மருந்தாக இருக்கலாம். போடுவதற்கு முன் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். இதன் கீழே குடியிருப்பவர்கள் யார்? அவர்களுக்குப் புரிகிற பாஷையில் யாராவது போய்ச் சொன்னார்களா? எத்தனை வருஷத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம்? ரோங்கெலாப் குழந்தைகள் பொடியில் விளையாடுவதற்கு முன் ஒரே ஓர் ஆள் இந்த மூன்றையும் அழுத்திக் கேட்டிருந்தால், ஒரு கப்பலை முன்கூட்டியே அனுப்பியிருப்பார்கள். கப்பல் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தது.